கவுண்டர்-ஸ்டிரைக்: எந்த சர்வருக்குள் நுழைகிறோம்?

2000-ஆம் ஆண்டுகளில் சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்கு ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ புதிதல்ல. அதுவே முதலில் ஒரு ‘மோட்’ என்பதுதான் பலருக்குத் தெரியாது. மோட் என்றால், வெளிவந்த விளையாட்டை ரசிகர்களே மாற்றி அமைப்பது. வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டை வைத்து மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் 1999-இல் இதை உருவாக்கினர். 2000-இல் வால்வ் அதை வாங்கிக்கொண்டது.

ரசிகர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. சோம்பிகள் துரத்தும் ஆட்டம், ஆளை வீழ்த்தினால் அடுத்த துப்பாக்கி கிடைக்கும் ‘கன்கேம்’, சரிவுகளில் வழுக்கிச் செல்லும் ‘சர்ஃப்’ எனப் பலவிதமாக மாற்றினர். சர்ஃபில் சுடுவதே அரிது! இவை பெரும்பாலும் சர்வரில் இயங்குபவை. நாம் நுழைந்ததும் வேண்டிய வரைபடமும் ஒலியும் தானாகவே நம் கணினிக்கு இறங்கிவிடும்.

முகம் தெரியாதவரின் சர்வரை இவ்வளவு நம்புவதில் ஆபத்தும் உண்டு. 1.6 பதிப்பில் பரவிய ‘பெலோனார்டு’ என்ற தீய நிரலைப் பற்றி டாக்டர் வெப் நிறுவனம் 2019-இல் எச்சரித்தது. சர்வரில் சேர்ந்தாலே போதும், விளையாட்டிலிருந்த ஓட்டை வழியாக அது கணினிக்குள் புகுந்துவிடும். அப்போது பட்டியலில் தெரிந்த சுமார் 5,000 சர்வர்களில் 1,951 அதன் வேலை. ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்களும் தப்பவில்லை.

பழைய நண்பர்களோடு மீண்டும் ஆட ஆசையா? ‘இலவசம்’ என்று கிடைக்கும் பிரதிகளைத் தொடாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியும் இதற்கு வேண்டாம். ஒரே வீட்டில் கூடினால், லேன் ஆட்டமே போதும். வெளி சர்வரே தேவையில்லை.