ஆற்றின் மூச்சைக் குடிக்கும் பால்

புளித்துப்போன பால், மீந்த மோர், தயிர்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் சிங்க்கில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுகிறோம். பால்தானே, நஞ்சா என்ன?

நமக்கு நஞ்சில்லைதான். ஆற்றுக்குத்தான் ஆபத்து.

பால் தண்ணீரில் கலந்ததும் அதிலுள்ள சர்க்கரை, கொழுப்பு, புரதத்தைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அப்போது தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவையும் அவை இழுத்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் பால் சிதைய ஏறத்தாழ 100 கிராம் பிராணவாயு வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில்கூட 7, 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பால் பத்தாயிரம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும்!

ஆலையில் நடப்பது என்ன?

வீட்டுக்கே இந்தக் கணக்கு என்றால் பால் ஆலைக்கு? கிள்ளான் பள்ளத்தாக்கு இத்தொழிலுக்குப் புதிதல்ல. 1960களிலேயே பெட்டாலிங் ஜெயாவில் பால் ஆலைகள் வந்துவிட்டன. தே தாரேக்கில் ஊற்றும் டின் பால் இன்று கிள்ளானை அடுத்த பூலாவ் இண்டாவில் தயாராகிறது.

தொட்டிகளையும் குழாய்களையும் கழுவும்போதுதான் கழிவுநீர் அதிகம் சேர்கிறது. பாலாடையை நீக்கக் காஸ்டிக் சோடா, பால் உப்புப் படிவை நீக்க அமிலம் என்று மாறி மாறிக் கழுவுவார்கள். அதனால் வெளிவரும் தண்ணீர் ஒரு நேரம் காரமாகவும் மறு நேரம் அமிலமாகவும் இருக்கும். முதலில் இதைப் பெரிய தொட்டியில் தேக்கிச் சமன் செய்கிறார்கள். அடுத்து, நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் செலுத்தி, மேலே மிதந்து வரும் கொழுப்பை வழித்தெடுக்கிறார்கள்.

மீதி வேலை நுண்ணுயிர்களுடையது. மூடிய தொட்டியில் பிராணவாயு இல்லாமலே வாழும் உயிரிகள் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவைத் தருகின்றன. அதை எரித்துக் கொதிகலனைச் சூடாக்கலாம். பின்னர் காற்றூட்டும் தொட்டியில் மற்றொரு கூட்டம் எஞ்சியதைத் தின்று முடிக்கிறது. கடைசியில் சேறு அடியில் தங்க, தெளிந்த நீர் வெளியேறுகிறது. ஆற்றில் நடந்திருந்தால் மீனைக் கொன்றிருக்கும் அதே வேலை, தொட்டிக்குள் நடப்பதால் யாருக்கும் கேடில்லை.

சட்டமும் வேலைவாய்ப்பும்

2009ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஆலை வெளியேற்றும் நீரில், பி.ஓ.டி. எனப்படும் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மற்ற இடங்களில் அதைவிடக் கூடுதலாக அனுமதி உண்டு. பாலின் அளவோ ஏறத்தாழ ஒரு லட்சம்!

சுத்திகரிப்பு நிலையத்தைத் தகுதி பெற்றவரே நடத்த வேண்டும் என்பதும் விதி. அதற்கான பயிற்சியும் சான்றிதழும் பாங்கியில் உள்ள மலேசியச் சுற்றுச்சூழல் கழகத்தில் (எய்மாஸ்) கிடைக்கின்றன. வேதியியல், உயிரியல் படித்த நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய துறை இது.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

பழைய வீடுகள், கடைவீடுகள் பலவற்றில் கழிப்பறைத் தண்ணீர் மட்டுமே கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். சமையலறைத் தண்ணீர் நேரே கால்வாயில் விழும். பிரிக்பீல்ட்ஸ் கால்வாய் கிள்ளான் ஆற்றில் சேர, ஆறு கிள்ளான் நகரைக் கடந்து கடலுக்குப் போகிறது.

ஆகவே பால் புளித்தால் கீழே ஊற்றாதீர்கள். எலுமிச்சை பிழிந்து பன்னீராக்குங்கள். மிஞ்சும் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். கெட்டுப்போனதென்றால் பழைய தாளில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் போடுங்கள். தயிர், நெய்ப் பாத்திரங்களைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். உணவகம் நடத்துபவர்கள் எண்ணெய்ப் பொறியைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள்.

ஆலைக்குச் சட்டம் இருக்கிறது, தொட்டி இருக்கிறது. நம் சிங்க்குக்கு நாம்தான் காவல்.