அடம் அன்று, அச்சமே!

மருத்துவமனையில் சோதனை முடிந்து வீடு திரும்பிய இரண்டு வயதுக் குழந்தை, சிறுநீர் கழிக்க மறுக்கிறது. கால்களைப் பின்னிக்கொள்கிறது, குளியலறைப் பக்கம் தூக்கிச் சென்றாலே வீறிட்டு அழுகிறது. "எல்லாம் அடம், இரண்டு தட்டுத் தட்டினால் தானே போகும்" என்பார் வீட்டுப் பெரியவர். பெற்றோரே, அது அடம் அன்று, அச்சம்.

சிறுநீர்ப் பாதையில் நோய்த்தொற்று ஏற்பட்ட குழந்தைகள் சிலருக்கு, சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்தை நோக்கிப் பாய்கின்றதா என்றறிய ஒரு சோதனை செய்வதுண்டு. மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்த் துவாரத்தின் வழியே செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய மருந்து நீரைச் சிறுநீர்ப்பையில் நிரப்பிப் படமெடுப்பர். குழாயை எடுத்தபின், அது உராய்ந்த இடம் ஓரிரு நாட்கள் எரியக்கூடும். ஒருமுறை எரிச்சலை உணர்ந்த குழந்தை, மறுமுறை அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்கச் சிறுநீர்ப்பை நிரம்பி வலிக்கிறது. நீர் அருந்தாவிடில் சிறுநீர் அடர்த்தியாகி, மேலும் எரிகிறது. சிறுநீர் வெளியேறும் வழியைக் காக்கும் தசை, அச்சத்தால் இறுகும், அமைதியால் தளரும். ஆதலின் அடியும் அதட்டலும் எதிர்ப்பயனையே தரும்.

முதற்கண் நீராகாரம் கொடுங்கள். தண்ணீர், மோர், இளநீர், பழச்சாறு என எதைக் குழந்தை விரும்புகிறதோ அதைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்கலாம். மயக்க மருந்து தரப்பட்டிருந்தால், எப்பொழுது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக.

அடுத்து, அகன்ற தொட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, முழங்கையால் சூடு பார்த்து, குழந்தையை இடுப்பளவு நீரில் உட்கார வையுங்கள். சோப்பு வேண்டா. நீரிலேயே சிறுநீர் கழிக்கட்டும், அதில் இழுக்கில்லை. வெம்மை தசையைத் தளர்த்தும். சுற்றியுள்ள நீர் எரிச்சலைத் தணிக்கும். குழந்தையை ஒரு கணமும் தனியே விட்டு அகலாதீர்கள். தொட்டி இல்லாத வீட்டில், செம்பில் வெந்நீரை இளஞ்சூடாக விளாவி மெல்ல ஊற்றலாம்.

காற்றாடியை ஊதச் செய்வதும், சோப்புக் குமிழி விடச் செய்வதும் நற்பயன் தரும். ஊதும்பொழுது உடல் தளர்கிறது. பொம்மையை முதலில் "உச்சா" போக வைத்து விளையாடலாம். புதிதாகக் கழிப்பறைப் பழக்கம் கற்ற குழந்தையாயின், சில நாட்களுக்குத் துணியோ டயப்பரோ கட்டுவதில் தவறில்லை. வலி தணிக்கும் மருந்தை, குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் குறித்த அளவிலேயே தருக. ஆஸ்பிரின் கூடாது. அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற முயல வேண்டா.

"வலிக்கவே வலிக்காது கண்ணே" என்று பொய்யுரைப்பதும் நன்றன்று. எரிந்தவுடன் உங்கள் சொல்லில் குழந்தை நம்பிக்கை இழக்கும். "கொஞ்சம் எரியும், உடனே சரியாகிவிடும்; அம்மா இங்கேயே இருக்கிறேன்" என்பதே மெய்யும் ஆறுதலும் ஆகும்.

எனினும் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 120 மில்லி லிட்டரே கொள்ளும். கடைசியாகச் சிறுநீர் கழித்து 8 மணி நேரம் ஆகியும் போகவில்லையெனில், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவர் இதனினும் குறைந்த நேரத்தைக் குறித்திருந்தால் அதுவே எல்லை. அடிவயிறு புடைத்துக் கெட்டியாதல், காய்ச்சல், வாந்தி, இரத்தக்கட்டி வெளிப்படுதல், தேற்ற இயலாத அழுகை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காத்திருத்தல் ஆகாது. முதல் நாளில் சிறுநீர் இலேசாகச் சிவந்திருப்பது மட்டும் அஞ்சத்தக்கதன்று.

ஆகவே, மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: குழந்தை கடைசியாக எப்பொழுது சிறுநீர் கழித்தது? எத்தனை மணிக்குள் மீண்டும் கழித்தாக வேண்டும்? முதன்முறை போனதும் ஒரு முத்தமும், இன்னும் ஒரு குவளை நீரும் கொடுங்கள். இரண்டாம் முறை எளிதாகும்.