கல்யாண இறுவட்டில் பாட்டு கேட்கிறது, குரல் கேட்கவில்லையா?

இடப்பெயர்வுக்கு முந்திய வீடியோ கசற்றை விசிடியாக மாற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அதைப் புதிய ஹோம் தியேட்டரில் போடும்போது வரும் ஒரு சிக்கலை உச்சமுனையில் ஒரு வீட்டில் பார்த்தேன்.

1988இல் மன்னார் எருக்கலம்பிட்டியில் நடந்த கல்யாணம் அது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த கசற். பின்னர் புத்தளத்தில் இறுவட்டாக மாற்றி, ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டும் சேர்த்திருந்தார் (யார் கேட்டார்களோ!). பாட்டு நாலு பக்கமும் முழங்கியது. "உம்மாட சத்தம் மட்டும் கேக்குதில்ல தம்பி" என்றார் வீட்டுக்காரர். உம்மா இப்போது இல்லை.

குரல் இறுவட்டில்தான் இருந்தது. பழைய கசற்றில் ஒலி பெரும்பாலும் மோனோ. மாற்றும்போது இடத்திலும் வலத்திலும் ஒரே மாதிரிப் பதியும். ஹோம் தியேட்டரின் செயலி 'புரோலொஜிக்' நிலையில் இருந்தால், இரு பக்கமும் ஒன்றாக வரும் ஒலியைப் பிரித்து நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அந்த வீட்டில் மேசையில் இடமில்லாததால் நடு ஸ்பீக்கரை இணைக்கவேயில்லை. செயலிக்கு அது தெரியாது. ஸ்டீரியோப் பாட்டு மற்ற ஸ்பீக்கர்களில் மிஞ்ச, குரல் வெறும் முனைக்குப் போனது.

ரிமோட்டில் 'ஸ்டீரியோ' நிலைக்கு மாற்றினாலே குரல் வந்துவிடும். நிரந்தரமாகச் சரிசெய்ய, ஸ்பீக்கர் அமைப்பில் 'சென்ரர்' என்பதற்கு 'இல்லை' எனக் கொடுங்கள்.

பிளேயரிலிருந்து டிஜிட்டல் வயர் கொடுத்தும் சத்தமே வராவிட்டால் காரணம் வேறு. விசிடியின் ஒலி எம்பெக் வகை. எல்லாச் செயலிகளும் அதை விளங்கிக்கொள்வதில்லை. பிளேயரின் ஓடியோ அமைப்பில் 'பிசிஎம்' தெரிவு செய்தால், பிளேயரே அதை விரித்துக் கொடுக்கும். சிவப்பு, வெள்ளை வயர் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. மோனோக் குரலுக்கு அது தாராளம்.

ஸ்பீக்கர் வயரைப் பூட்டுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறினால் குரல் கூடாகக் கேட்கும். கடற்கரை வீடுகளில் வயர் முனை பச்சை பிடிக்கும். அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவிப் பூட்டுவது நல்லது.

வீட்டில் எழுதிய இறுவட்டு வெயிலிலும் வெக்கையிலும் பழுதாகும். கணினியில் அதைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறை இருக்கும். அதிலுள்ள பெரிய கோப்புகளை இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள்.