உங்களுக்குத் தெரியுமா? ஓணான் என்ன தின்னும்?

சாய்ந்தமருதில் கிடுகு வேலியிலும் முருங்கை மரத்திலும் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானும், வெளிநாடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் செல்லமாக வளரும் அவுஸ்திரேலியத் தாடி ஓணானும் ஒரே குடும்பம்: அகாமிடே.

இரண்டும் கண்ணை நம்பி வேட்டையாடுபவை. அசையாத பூச்சியைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. அது காலை அசைத்ததுமே தலையைச் சரித்துக் குறிபார்க்கும். எறும்பு போன்ற சின்ன இரையை ஈர நாக்கில் ஒட்டவைத்து எடுக்கும்; கொழுத்த வெட்டுக்கிளி என்றால் பாய்ந்து தாடையால் கவ்வி நசுக்கும்.

தாடி ஓணான் குஞ்சாக இருக்கும்போது பூச்சிகளையே அதிகம் தின்னும். வளர்ந்த பின் இலை, பூ பக்கம் திரும்பிவிடும். நம் வளவு ஓணானுக்கோ கடைசிவரை பூச்சிதான் பிரதானம். ஆணின் கழுத்துச் சிவப்பைக் கண்டு, இரத்தம் உறிஞ்சுகிறது என்று கல்லெறிவது பெரும் அநியாயம். அது இனப்பெருக்க காலத்து நிறம், அவ்வளவுதான்.

தாடி ஓணானுக்குக் கண்ட பூச்சியையும் கொடுக்கக்கூடாது. அமெரிக்க மின்மினிகளைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்தது 1999இல் ஆய்விதழில் பதிவானது. தேரை நஞ்சை ஒத்த நஞ்சு அம்மின்மினிகளில் உண்டு. ஒன்றே உயிரைப் பறிக்கப் போதும்.