கணக்கில் வராத தாத்தா பாட்டிகள்!

பிழைக்கவோ, உயிர் தப்பவோ வேறு நாட்டுக்குப் போன குடும்பங்களில் இருக்கும் முதியவர்களைப் பற்றி எல்லோர் மனதிலும் ஒரு சித்திரம் உண்டு. மொழி தெரியாது, தனியாக பஸ் ஏறத் தெரியாது, டாக்டரிடம் போவதென்றாலும் மகனோ மகளோ லீவு போட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ‘பாவம்’. இன்னும் கடுமையாகச் சொல்பவர்களுக்கு, ‘பாரம்’.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகத்தினர், இப்படிப்பட்ட முதியவர்களிடமே நேரில் போய்க் கேட்டார்கள். ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்கவில்லை. ‘நீங்கள் ஊருக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்றும் கேட்டார்கள். கிடைத்த பதில்களைத் தொகுத்த அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பின் பொருள், ‘சமூகத்தின் பொக்கிஷங்கள்’.

வயதானவர்களை மிரட்டிய சட்டம்

இந்தக் கதை 1996-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில், அதிபர் பில் கிளின்டன் ஒரு நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வருமானமில்லாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மாதாந்தர உதவித்தொகை, குடியுரிமை பெறாத பெரும்பாலானோருக்குக் கிடையாது என்றது அந்தச் சட்டம். எதிர்ப்பு கிளம்பவே, ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு 1997-ல் அது திரும்பக் கிடைத்தது. ஆனால், அகதிகளாக வருபவர்களுக்கு 7 ஆண்டுகள் என்று கெடு விழுந்தது. அதற்குள் குடியுரிமை வாங்க வேண்டும்; இல்லையென்றால் உதவித்தொகை நின்றுபோகும்.

குடியுரிமைக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க வரலாறு, அரசியல் பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதியவர்களுக்குச் சலுகை உண்டுதான். 65 வயதைத் தாண்டி, நிரந்தரவாசியாக 20 ஆண்டுகள் இருந்தவர்கள் 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும். தேர்வையும் தாய்மொழியிலேயே எழுத்தில்லாமல் வாய்மொழியாகச் சொல்லலாம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிக்கல் புரியும். 68 வயதில் அகதியாக வந்து இறங்கும் ஒரு பாட்டிக்கு உதவித்தொகை 75 வயதில் நின்றுவிடும். சலுகையோ 88 வயதில்தான் கிடைக்கும்! மருத்துவக் காரணம் காட்டி விலக்கு பெற முடியாதவர்களுக்கு, அந்த வயதில் ஏபிசிடி படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவர்களுக்காகத்தான் டெம்பிள் பல்கலைக்கழகம் ‘புராஜெக்ட் ஷைன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்கள் போய் முதியவர்களுக்கு ஆங்கிலமும் குடியுரிமைப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு நகரங்களின் கல்லூரிகளும் இதில் சேர்ந்துகொண்டன.

கேள்வியில்தான் கோளாறு

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, எத்தனை பேர் தன்னார்வத் தொண்டு செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துவந்தது. 2015-ல் மொத்த மக்களில் 24.9 சதவிகிதம் பேர். ஆசிய வம்சாவளியினரில் 17.9 சதவிகிதம் பேர். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 15.5 சதவிகிதம் பேர். குடியேறி வந்தவர்கள் அதிகமுள்ள சமூகங்கள் பொதுக்காரியத்தில் பின்தங்கியிருப்பதுபோல இது தெரியும்.

ஆனால், அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை இருந்தது. ஏதாவது ஓர் அமைப்பின் மூலம் செய்த சம்பளமில்லாத வேலை மட்டும்தான் ‘தொண்டு’. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, புதிதாக வந்த குடும்பத்துக்குக் கடை காட்டுவது, துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போவது எதுவும் அதில் வராது.

நம் ஊர்க் கல்யாண வீட்டில் விடிய விடியக் காய் நறுக்கும் ஒரு பெரியம்மாவிடம் போய், ‘நீங்கள் தன்னார்வலரா?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? சிரிப்பார். அவருக்கு அது உறவு, முறை, கடமை. பல நாட்டு முதியவர்களுக்கும் இதே நிலைதான். அந்தச் சொல்லே அவர்கள் மொழியில் இல்லாதபோது, ‘இல்லை’ என்பதுதான் பதிலாக வரும்.

பின்னாளில், அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவி பற்றியும் அரசு கேட்டது. 2020-21 கணக்கெடுப்பில் அமைப்புகள் மூலம் தொண்டு செய்தவர்கள் 23.2 சதவிகிதம். அண்டை வீட்டாருக்கு உதவியவர்களோ 50.9 சதவிகிதம்! கேள்வி மாறியதும் இரண்டு மடங்குக்கும் மேலான ஆட்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

மகன் மொழிபெயர்த்தால் போதாது

இதனால்தான், சமூகத்தைக் கூட்டாளியாக்கும் ஆய்வுமுறை இங்கே தேவைப்படுகிறது. கேள்விகளை முடிவு செய்யும்போதே அந்தச் சமூகத்தினர் உடன் இருப்பார்கள். பேட்டி எடுப்பவர் அதே மொழி பேசுபவராக இருப்பார். சந்திப்பு நடப்பதும் கோயில், சர்ச், மசூதி, முதியோர் மையம் என்று அவர்களுக்குப் பழகிய இடத்தில்தான். மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால், அவர்கள் எதிரில் சொல்லக்கூடியதை மட்டும்தான் பெரியவர்கள் சொல்வார்கள். கிடைத்த முடிவுகளும் முதலில் அவர்களிடமே திரும்பிப் போக வேண்டும்.

இப்படிக் கேட்கும்போது தடைகளும் தெளிவாகத் தெரிகின்றன. மொழி, போக்குவரத்து, நாள் முழுக்கப் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேல், ‘வாருங்கள்’ என்று யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை.

பூங்காவும் தோட்டமும் போராட்டமும்

பிலடெல்ஃபியாவிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. 1980-களில் கம்போடியா, லாவோஸ் அகதிக் குடும்பங்கள் எஃப்.டி.ஆர் பூங்காவில் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து விற்கத் தொடங்கின. பல ஆண்டுகள் அனுமதி இல்லாமல், அதிகாரிகளுக்குப் பயந்துதான் வியாபாரம். பிறகு சங்கமாகச் சேர்ந்து, நகர நிர்வாகத்தோடு பேசி, அதை முறையான சந்தையாக்கினார்கள். இன்று வார இறுதிகளில் ஊரே அங்கே சாப்பிட வருகிறது. நகரின் தெற்குப் பகுதியில், பூட்டானிலிருந்தும் மியான்மரிலிருந்தும் வந்த அகதிகள் காலி மனைகளைக் காய்கறித் தோட்டமாக்கியிருக்கிறார்கள். விவசாயம் தெரிந்த பெரியவர்களின் கை அங்கே பேசுகிறது.

சைனாடவுனை ஒட்டி ஒரு பிரமாண்ட கூடைப்பந்து அரங்கம் வரப்போவதாக 2022-ல் அறிவிப்பு வந்தபோது, வாடகை ஏறும், கடைகள் போகும் என்று அந்தப் பகுதி மக்கள் கொதித்தார்கள். வயதானவர்களும் பதாகை பிடித்து நடந்தார்கள். நகர மன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகும், 2025 ஜனவரியில் அணி நிர்வாகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

நம் பெரியவர்களுக்கும் பொருந்தும்

பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறும் தமிழ்ப் பெற்றோருக்கும் இது அந்நியமில்லை. கனடாவில் பெற்றோரை வரவழைக்கும் பிள்ளைகள், கியூபெக் மாகாணம் தவிர மற்ற இடங்களில், 20 ஆண்டுகள் அவர்களின் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். காகிதத்தில் அந்தப் பெரியவர்கள் பிள்ளைகளைச் சார்ந்திருப்பவர்கள். ஆனால், அவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால்தான் பல வீடுகளில் மகளோ மருமகளோ வேலைக்குப் போக முடிகிறது.

ஊர்ச் சங்கமோ, நூலகமோ, பள்ளிக்கூடமோ அவர்களை அழைப்பதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. தெரிந்த மொழியில் ஓர் அழைப்பு, போய்வர ஒரு வண்டி, பேரக்குழந்தையையும் கூட்டிவரலாம் என்ற அனுமதி. இவை மூன்றும் இருந்தால் போதும், வீட்டுக்குள் இருக்கும் அனுபவம் தெருவுக்கு வந்துவிடும்.