ஆசிரியராக விரும்புவோர் பாடம் தேரும் முறை

தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்னும் எண்ணம் பேராக் மாநிலத்து இளைஞர் பலருக்கு எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னரே தோன்றுகிறது. அவ்வெண்ணம் தோன்றும் வேளையில், அதற்குரிய வாயில் சிலருக்கு அடைபட்டுவிட்டிருக்கும். அடைத்தவர் பிறர் அல்லர். ஈராண்டுகளுக்கு முன் நான்காம் படிவத்தில் அடியெடுத்து வைத்தபொழுது, பாடங்களைக் குறிக்கும் தாளில் தமிழ்மொழிக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்ட அதே மாணவர்தாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதன் விளைவு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று. தெரிந்தவர் சொல்லவேண்டும். தோட்டத்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்களில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் முன்னாள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரே.

இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு எக்காலத்தும் இத்துணைப் படிப்பு வேண்டியிருந்ததில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகைகள் எழுந்தன, பயிற்சி பெற்ற ஆசிரியரோ கிடைத்திலர். எழுத்துக் கூட்டத் தெரிந்த கங்காணியும், தோட்டத்து எழுத்தரும், சிற்சில இடங்களில் ஆயாக்கொட்டகைப் பெண்டிருமே கரும்பலகை முன் நின்றனர். அவர்களுள் பலர் அக்கறையோடு கற்பித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கறை வேறு, பயிற்சி வேறு.

நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், இரப்பர் போய்ச் செம்பனை வந்தும், மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தும் அத்தொகை இன்று 520ஐ ஒட்டி நிற்கிறது. அவற்றுள் 130க்கு மேற்பட்டவை பேராக்கில் உள்ளன. பள்ளிகள் குறைய, ஆசிரியர்க்கு வேண்டிய தகுதியோ ஏறியது. சான்றிதழாக இருந்த பயிற்சி டிப்ளோமாவாயிற்று; டிப்ளோமா பட்டமாயிற்று. இன்று பட்டமின்றி நிரந்தர ஆசிரியராதல் அரிது.

இவ்விடத்தில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்தல் நன்று. 'சமூகக் கல்லூரியில் சேர்ந்து படித்து, பின் ஆசிரியராகலாமா?' என்று கேட்கும் பெற்றோர் உளர். வெளிநாட்டுச் செய்திகளைப் படித்தோர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. அமெரிக்காவில், 1901இல் ஜோலியட் என்னும் ஊரில் தொடங்கிய இளநிலைக் கல்லூரியின் வழிவந்த சமூகக் கல்லூரிகளில் முதல் ஈராண்டுப் பாடங்களைக் குறைந்த செலவில் முடித்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பல்கலைக்கழகத்தில் தொடர்வது பெருவழக்கு. பள்ளி ஆசிரியர் பலரும் அவ்வழி வந்தவரே. மலேசியாவில் 2001 முதல் நடைபெறும் சமூகக் கல்லூரிகள் வேறு நோக்கத்திற்கு எழுந்தவை. மின்னிணைப்பு, வாகனப் பழுதுபார்ப்பு, ஆடை வடிவமைப்பு, அடுமனைத் தொழில் போன்றவற்றில் கைத்திறன் தருவது அவற்றின் பணி. அப்பணி குறைந்ததன்று. அங்கிருந்து போலிடெக்னிக் டிப்ளோமாவிற்கும், அதன்பின் பட்டத்திற்கும், தொழிற்கல்வி ஆசிரியர் பணிக்கும் செல்லுதல் இயலும். ஆனால் தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்கு அது நேர்வழியன்று, மிகச் சுற்றுவழி.

அமெரிக்க மாணவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது வேறொன்று. அவர் கல்லூரியில் ஒரு பாடத்தை எடுக்குமுன், தாம் பிற்பாடு சேர விரும்பும் பல்கலைக்கழகம் அப்பாடத்தை ஏற்குமா என்று பார்க்கிறார். ஏற்காத பாடத்திற்குச் செலவிட்ட காலமும் பணமும் வீண் என்பதை அங்குப் பலர் பட்டறிந்துள்ளனர். போய்ச் சேரும் இடத்தின் விதியை முதலில் படித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வருதல் என்னும் இம்முறையே ஈப்போ மாணவர்க்கும் உரியது.

போய்ச் சேரும் இடங்கள் பேராக்கிலேயே உள்ளன. தொடக்கப்பள்ளி ஆசிரியராவோர்க்கு உரியது ஆசிரியர் கல்விக் கழகம். நாடெங்கும் 27 வளாகங்கள் கொண்ட அக்கழகத்தின் ஈப்போ வளாகம் உலு கிந்தாவில் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்தோர் அங்கு ஆயத்தப் படிப்பை முடித்து, நான்காண்டுப் பட்டப் படிப்பிற்குச் செல்வர். இரண்டாவது, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். மலாய் ஆசிரியர்களை உருவாக்க 1922இல் தொடங்கிய பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்குத் தமிழ்மொழிக் கல்வியிலும் பட்டம் பெறலாம். அப்பட்டதாரிகள் பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிகளுக்கு உரியவர்.

பல்கலைக்கழகத்திற்குச் செல்ல ஆறாம் படிவம் ஒரு வழி; மெட்ரிகுலேசன் மற்றொரு வழி. கோப்பெங்கில் உள்ள மெட்ரிகுலேசன் கல்லூரியை நாடுவோர் மிகுதி. ஓராண்டில் முடிகிறது என்பதே காரணம். ஆனால் மெட்ரிகுலேசனில் தமிழ் இல்லை. கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியராக விரும்புவோர்க்கு அது பொருந்தும். தமிழாசிரியராக விரும்புவோர் ஆறாம் படிவம் செல்லுதலே சாலச் சிறந்தது, எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழ்மொழி ஒரு முழுப் பாடமாக உள்ளது. 'ஆறாம் படிவம் கடினம்' என்னும் பேச்சு உண்மையே. ஆயினும் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலப் போகிறவர் அந்தக் காலத்தைத் தமிழின்றிக் கழித்துச் செல்வது, நீந்தப் போகிறவர் கரையிலேயே நின்றுவிட்டு ஆற்றின் நடுவே குதிப்பது போன்றது.

இனி நான்காம் படிவத்திற்கு வருவோம். எஸ்.பி.எம். தேர்வில் நம் பிள்ளைகளுக்கு மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, நன்னெறிக் கல்வி என்னும் ஆறும் கட்டாயம். மலாயில் தேறாதவர்க்குச் சான்றிதழே இல்லை. 2013 முதல் வரலாற்றுக்கும் அவ்விதியே. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் மாணவர் விரும்பி எடுக்கவேண்டியவை. விரும்பாமைக்கு அவர் கூறும் காரணம் ஒன்றே: தமிழில் உயர்தரத் தேர்ச்சி பெறுவது கடினம், அதனால் மற்றப் பாடங்களின் அழகு கெடும். இக்கணக்கு மருத்துவம் பயிலப் போவோர்க்குப் பொருந்துகிறதோ இல்லையோ, ஆசிரியராகப் போவோர்க்கு அறவே பொருந்தாது. கல்விக் கழகம் தேடுவது உயர்தரத் தேர்ச்சிகளை. தமிழ்த் துறைக்கு விண்ணப்பிப்போரிடம் அது முதலில் பார்ப்பது தமிழை.

2009ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாக வரையறுக்கும் அறிவிப்பு வந்தபொழுது, தமிழும் இலக்கியமும் கைவிடப்படும் என்று சமூகம் குரல் எழுப்பிற்று. பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று அரசு இசைந்தது. அங்ஙனம் பெற்ற இடத்தை நிரப்புவோர் போதிய அளவில் இல்லை என்பது வருந்தத்தக்கது.

பழியை மாணவர் மேல் மட்டும் சுமத்துதல் ஆகாது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, இடைநிலைப் பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால், தமிழ் வகுப்பு நடத்தப்பட வேண்டும். பதினைந்து பேரைத் திரட்டுவது யார்? வகுப்பு அமைந்தாலும், பல பள்ளிகளில் அது நேரப் பட்டியலுக்கு வெளியே, பிற்பகலில் நடைபெறுகிறது. பழைய தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் பிள்ளைக்கு அதற்குள் பள்ளிப் பேருந்து புறப்பட்டுவிடும். தமிழ் இலக்கியமோ, பெரும்பாலும் வார இறுதிகளில் தன்னார்வ ஆசிரியர் நடத்தும் வகுப்பையே நம்பி நிற்கிறது. ஆதலின் பாடம் தேர்தல் என்பது தாளில் குறியிடுவதோடு முடிவதில்லை. எந்த ஊரில், எந்த நாளில் வகுப்பு, திரும்பி வர வண்டி உண்டா என்பதும் அதில் அடங்கும். ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோரைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருமுறை கூட்டி வைத்து, அவர்கள் சேரும் இடைநிலைப் பள்ளிக்குத் தமிழ் வகுப்புக் கேட்டு ஒரு மனு எழுத உதவினால், வேலை பாதி முடிந்தது.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. தமிழ் நன்றாக வந்தால் போதும், கணிதமும் ஆங்கிலமும் ஏன் என்பது அது. தமிழ்ப்பள்ளிகளுள் கணிசமானவை 150க்கும் குறைந்த மாணவர் கொண்டவை. முன்னாள் தோட்டப் பள்ளிகளுள் சிலவற்றில் ஒரு வகுப்பில் ஐவர் இருந்தாலே மிகுதி. மிகக் குறைந்தவிடத்து இரு வகுப்புகள் ஒன்றாக்கப்படும். அங்குச் செல்லும் இளம் ஆசிரியர் காலையில் தமிழும், இடைவேளைக்குப் பின் கணிதமும், அதன்பின் உடற்கல்வியும் கற்பிக்க நேரும். தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. பின்னமும் ஒளிச்சேர்க்கையும் பிழையின்றித் தமிழில் விளக்கத் தெரிந்தவரே அங்கு முழு ஆசிரியர். ஆதலின் கல்விக் கழகத்தில் முதன்மைப் பாடம் எதுவாயினும், விருப்பப் பாடத்தை அதற்கு அண்மையில் கொள்ளாது எட்டத்தில் கொள்வது நலம். தமிழை முதன்மையாகக் கொண்டவர் கணிதத்தையோ அறிவியலையோ சார்ந்த ஒன்றை நாடுவாராக.

கழகத்தில் கல்வித் தத்துவம், குழந்தை வளர்ச்சி, வகுப்பறை மேலாண்மை, மதிப்பீடு ஆகியவை யாவர்க்கும் பொது. செயலாய்வும் உண்டு. அவற்றைத் தேர்வுக்கு மனனம் செய்து மறப்பாரே மிகுதி. பள்ளிசார் பட்டறிவும், பல கட்டங்களாக நடைபெறும் கற்பித்தல் பயிற்சியும்தாம் ஒருவரை உருவாக்குகின்றன. வாய்ப்பிருப்பின், அவற்றுள் ஒரு கட்டத்தையேனும் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் வட்டாரங்களின் சிறு பள்ளி ஒன்றில் கழிப்பது நகரத்துப் பெரும்பள்ளியில் கிடைக்காத பயனைத் தரும். இரு வகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்தும் முறை நூலில் படித்து வருவதன்று.

நான்காம் படிவத்தில் தமிழை விட்டவர் என் செய்வது? எஸ்.பி.எம். தேர்வில் தமிழைத் தனித்து எழுதுதல் கூடும்; ஓராண்டு செல்லும். கல்விக் கழகச் சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டாதலின், அந்த ஓராண்டை முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். புகுமுக வகுப்பில் ஏற்கெனவே ஓராண்டு சென்றவர்க்கு இக்கணக்கு மேலும் இறுக்கமானது. அவர்க்கு ஆறாம் படிவமும் பல்கலைக்கழகமுமே ஏற்ற வழி. சேர்க்கை நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறுகின்றமையால், சென்ற ஆண்டு அண்ணனுக்கு இருந்த விதியை இந்த ஆண்டு தம்பிக்குக் கொள்ளலாகாது. விண்ணப்பம் திறக்கும் நாளில் அவ்வாண்டின் அறிவிப்பை மலாயில் முழுவதும் படித்து, தகுதிச் சோதனையும் நேர்முகமும் எந்நாளில் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நேர்முகத்தில், ஏன் ஆசிரியராக வேண்டும் என்னும் வினா தவறாது வரும். அதற்கு விடையை வீட்டிலேயே மலாயிலும் தமிழிலும் உரக்கச் சொல்லிப் பார்த்துச் செல்லுதல் நலம்.