கூபியும் பாகாவும்

மாணவர்களே, கொல்கத்தாவில் வங்காளப் பெரியவர் ஒருவரிடம் கூபி, பாகா என்னும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பாடத் தெரியாத கூபிக்கும் மேளம் கொட்டத் தெரியாத பாகாவுக்கும் பேய்களின் அரசன் இசைவரம் அருளிய கதை அது. உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி அதனை 1915இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழில் எழுதினார். அவர் மறைந்த பின்னர்ப் பிறந்த பேரர் சத்யஜித் ராய், தம் மகனின் விருப்பத்திற்கிணங்க, 1969இல் திரைப்படமாக்கினார். 2013இல் ஷில்பா ரானடே இந்தியில் அசைவூட்டப் படமாக்கினார்.

இப்படம் பெற்றோர்க்குப் பழைய நினைவு, குழந்தைக்கோ புதுக்கதை. இத்தகைய படங்களின் வலிமையும் இடரும் இங்கேதான் உள்ளன. முந்தைய காட்சிகளை அப்படியே படியெடுத்தால் பெற்றோர் மகிழ்வர். அவர்கள் எதற்குச் சிரிக்கின்றனர் என அறியாது குழந்தை விழிக்கும். ஷில்பா பழைய நடிகர்களின் முகங்களை நாடாமல், பாவைக்கூத்துப் பொம்மைகளை ஒத்த உருவங்களைப் படைத்தார். ஆதலால் முன்படத்தைக் காணாத குழந்தையும் கதைக்குள் நுழைய இயலும்.

ஊரைப் பிரிந்து இங்கு வாழும் நமக்கும் பாட்டி கதைகள் உண்டு. ஒருவர் எழுதி வைத்தமையாலன்றோ கூபி இத்தனை ஆண்டுகள் கடந்து வந்தான்! நான் இளமையில் கேட்ட நரிக்கதை ஒன்று பாதியே நினைவில் உள்ளது. மீதியைச் சொல்லப் பாட்டி இன்று இல்லை.